காதலிச்சா குற்றவாளியா?



ஸ்கூல் படிக்கிற பையன் காதலிக்கிறான்னு தெரிஞ்சா ஊர் சொல்ற முதல் வார்த்தை, "பையன் கெட்டுப்போயிட்டான்." அடுத்தது, "போலீஸ்ல சொல்லி உள்ள தள்ளுங்க."

அந்த இரண்டாவது வார்த்தையின் விலை என்னன்னு தெரியுமா?

2012-ல் வந்த போக்சோ சட்டம் நம் பிள்ளைகளுக்கான கவசம். அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 17 வயசுப் பொண்ணும் 17 வயசுப் பையனும் விரும்பி ஒன்றாக வாழ்ந்தாலும், பையன் மீது பாயும் வழக்குக்குப் பெரியவர்களுக்கான குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. 16 வயது முடிந்தவன் என்றால், 2015 சிறார் நீதிச் சட்டப்படி அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் வழி இருக்கு!

பொண்ணு காப்பகத்தில். பையன் கூர்நோக்கு இல்லத்தில். இரண்டு பேர் படிப்பும் பாழ். வெளியே வருபவனை ஊர் எப்படிக் கூப்பிடும்? "கேஸ்காரன்." காதல் அவனைக் கெடுக்கல. நாம ஒட்டிய அந்தப் பட்டம்தான் அவனைத் தவறான கூட்டத்தின் பக்கம் தள்ளுது.

வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கம் இல்லை என்று 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் விரும்பிய காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் தமிழக டிஜிபியும் சுற்றறிக்கை அனுப்பினார்.

அதுக்காக எல்லாமே காதல் ஆகிடாது. "வேண்டாம்"னு சொன்ன பொண்ணு பின்னாடி சுத்துறது, போட்டோவைக் காட்டி மிரட்டுறது, வயசுல ரொம்பப் பெரியவன் சிறுமியை மயக்குறது, இதெல்லாம் அப்பட்டமான குற்றம். செய்தவன் யாராக இருந்தாலும், நம் கட்சிக்காரனே ஆனாலும், காப்பாற்றப் போகாதீங்க. மூடி மறைப்பதும் சட்டப்படி குற்றம்தான்.

பஞ்சாயத்து பேச உங்களைத்தான் முதலில் கூப்பிடுவாங்க. போங்க. ஆனா சாதியைப் பார்த்து "கடத்தல்"னு பொய்ப் புகார் எழுத வைக்காதீங்க. பொண்ணு என்ன சொல்றான்னு முதலில் கேளுங்க. ஆபத்து என்றால் 1098-க்குப் போன் போடுங்க.

நம் கோரிக்கை இரண்டு: 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களின் விருப்பமான உறவுக்குச் சட்டத்தில் தனி விதி. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு மனநல ஆலோசகர்.

பிள்ளைகளுக்கு வேண்டியது புத்தி சொல்லும் பெரியவங்க. விலங்கு இல்லை.

பகிருங்கள் தோழர்களே!