மட்டி பழகிக்கொள்ளும் என்று சொல்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் கடல் அமிலமாவது பற்றி ஒரு செய்தி வந்தது. அதன் கீழே தம்பி முறை உள்ள ஒருவர், "சிப்பி கோடி வருஷமா இருக்கு. தலைமுறை தலைமுறையா பழகிக்கும், கவலைப்படாதீங்க" என்று எழுத, பதினேழு பேர் கைதட்டியிருந்தீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் வேதியியல் படித்தவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதினீர்களே, முதலில் பால்போல வெளுக்கும். அதோடு நோட்டை மூடிவிடுவீர்கள். விடாமல் ஊதினால் அந்த வெண்மை கரைந்து நீர் மறுபடி தெளிந்துவிடும். நாம் எரித்து வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கு கடலுக்குள் போகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். இப்போது 8.1 அளவில் இருக்கிறது. "0.1 தானே" என்று யாரும் சொல்லாதீர்கள். அது மடக்கை அளவு. ஹைட்ரஜன் அயனி 30 சதவீதத்துக்கு நெருக்கமாகக் கூடியிருக்கிறது. கடல் இன்றும் காரம்தான். ஆனால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்துகொண்டே வருகிறது.

வளர்ந்த சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு சமாளிக்கும். குஞ்சு என்ன செய்யும்? கருவுற்ற முட்டை ஓரிரு நாளில் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அதுவரை இரை தின்னவும் முடியாது. தாய் முட்டையில் வைத்துக் கொடுத்த சத்துதான் முதல். நீர் கெட்டிருந்தால் அந்தச் சத்தெல்லாம் ஓடு கட்டுவதிலேயே தீர்ந்துபோகும். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சுப் பண்ணையில் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லார்வாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆழத்திலிருந்து மேலே வந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீர்தான் காரணம் என்று தெரிந்ததும் தொட்டி நீரில் சோடியம் கார்பனேட் கலந்தார்கள். நம் வீட்டுச் சலவைச் சோடாதான். தொட்டிக்குப் போடலாம், வங்கக் கடலுக்கு யார் போடுவது?

இனி அந்தத் 'தலைமுறை' வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி பாறைச் சிப்பியை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், அமிலம் கூடிய நீரில் இருந்த பெற்றோரின் லார்வாக்கள் அந்த நீரில் மற்றவற்றைவிடப் பெரிதாக, வேகமாக வளர்ந்தன. கைதட்டுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2017-இல் அதே இனத்தில், வெப்பத்தைக் கூட்டி, உப்பையும் இரையையும் குறைத்துச் சோதித்தபோது அந்தப் பழக்கமே பாதகமாகத் திரும்பியது. அதே ஆண்டு அமெரிக்காவில் வேறு இரண்டு இனங்களிலும், சிரமப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் இன்னும் நலிந்தே பிறந்தன.

நம் அரியாங்குப்பம், தேங்காய்த்திட்டுக் கழிகளை நினைத்துப் பாருங்கள். சித்திரையில் வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளம் வந்து உப்புக் குறையும். இவற்றோடு நகரத்துச் சாக்கடை வேறு. கழிவு அழுகும்போதும் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. அதற்கு நிலக்கரி ஆலை வேண்டியதில்லை. உலகம் திருந்தட்டும் என்று நாம் கைகட்டி நிற்க முடியாத பகுதி இது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உப்பளம், சிப்பி எடுப்பு, கடல் வளர்ப்பு ஆகியவற்றுக்கான நீர் எஸ்.டபிள்யூ.-1 என்ற வகையில் வருகிறது. அதற்கு அனுமதித்த பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கணக்குப் போடுங்கள்: 8.1-லிருந்து 6.5-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி ஏறத்தாழ 40 மடங்கு. அந்த நீரில் சிப்பிக் குஞ்சு ஓடு கட்டுவது இருக்கட்டும், கட்டிய ஓடே கரையும். ஆனால் ஏட்டில் அது 'தகுதியான நீர்'.

கழிமுகத்தில் பி.எச். இயல்பாகவே ஏறி இறங்கும், அதனால்தான் அகன்ற வரம்பு என்பார்கள். சரி. சில மணி நேரம் இறங்குவது வேறு, குஞ்சு பொரிக்கும் வாரம் முழுக்க இறங்கியே கிடப்பது வேறு. இந்த வேறுபாடு அந்த விதியில் இல்லை. இதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திலும் மீன்வளத் துறையிலும் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இனப்பெருக்க மாதங்களில், விடிவதற்கு முன் கழியில் பி.எச். அளந்து பாருங்கள். இரவு முழுக்க எல்லா உயிரும் மூச்சு விட்டிருக்கும், அப்போதுதான் அளவு மிகக் கீழே இருக்கும். பகல் பதினொரு மணிக்குப் போனால் பாசி ஒளிச்சேர்க்கை செய்து எண்ணை ஏற்றிவிட்டிருக்கும். விடியற்காலை எண்ணை இந்தப் பதிவின் கீழேயே போடுங்கள். கைதட்டிய பதினேழு பேரும் பார்க்கட்டும்.