வீட்டுக்கு ஒரு தீச்சுவர்

பழைய கணினியொன்றை வீட்டு இணையத்துக்குக் காவல் வைக்கலாமா என்று குருவிட்ட மாணவர் ஒருவர் நம்மை வினவினார். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர் அவர். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவுவதை அறிவார். அதனைத் தடுக்கக் கூரைவரை எழுப்பும் சுவரே தீச்சுவர். கணினியுலகம் அப்பெயரை இரவல் வாங்கிக்கொண்டது.

அச்சம் வீணன்று. 2016 இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கமராக்களையும் ரௌட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றியது. ஒக்ரோபர் 21 இல் அமெரிக்காவில் டுவிட்டர் முதலிய தளங்கள் முடங்கியமைக்கும் அவையே கருவியாயின. உடைமைக்காரர் பலர் அறியவேயில்லை!

வேண்டுவன: 64 பிட் கணினி, இரண்டு வலையட்டைகள், இலவசமாய்க் கிடைக்கும் ‘ஐபிஃபயர்’ என்னும் லினக்ஸ் தொகுப்பு. வெளியுலகை நோக்கும் அட்டைக்குச் சிவப்பு என்றும், வீட்டை நோக்கும் அட்டைக்குப் பச்சை என்றும் பெயர். உள்ளிருந்து கேட்டதற்கு வரும் விடையை அது அனுமதிக்கும். அழையா விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தும். நிறுவும்போது வன்தட்டிலுள்ள யாவும் அழியுமாதலால், குடும்பப் படங்களை முன்னரே பிரதியெடுத்தல் அவசியம்.

நிற்க. 60 வாற்று இழுக்கும் கணினி இரவுபகல் ஓடினால் மாதம் 43 அலகு மின்சாரம் செலவாகும். சிறு குடும்பத்துக்கு இது பாரமே. பெரும்பாலான ரௌட்டர்களில் சிறு தீச்சுவர் உள்ளமைந்தே வருகிறது. ஆகவே, “விடுமுறையில் ஒரு கிழமை ஓட்டிக் கற்றுக்கொள்ளும், பின்னர் ரௌட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் கணினியை அணைத்துவிடும்” என்றோம்.