கர்ப்ப ஸ்திரீகளும் எமகண்டமும்

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானசுவாமி என்று ஒரு சாமி இருக்கின்றது. அந்தப் பெயர் வந்ததற்கு ஸ்தல புராணக்காரர்கள் சொல்லும் கதை நம்மில் அநேகருக்குத் தெரிந்ததுதான். இரத்தினாவதி என்னும் செட்டிப்பெண் பிரசவ வேதனையில் கிடந்தாளாம். துணைக்கு வரவேண்டிய தாயார் காவேரியில் வெள்ளம் வந்துவிட்டபடியால் அக்கரையிலேயே நின்றுவிட்டாளாம். உடனே சாமி அந்தத் தாயாரைப் போல் வேஷம் போட்டுக்கொண்டு வந்து பிரசவம் பார்த்ததாம். வெள்ளம் வடிந்து மெய்யான தாயார் வந்த பிறகுதான் சங்கதி வெளிப்பட்டதாம். இதை நம்பி இன்றைக்கும் சுகப்பிரசவத்திற்காக வாழைத்தார் நேர்ந்துகொள்ளுகின்றார்கள்.

இது நடந்த கதையா, கட்டின கதையா என்ற விவகாரத்திற்கு நாம் இப்போது போகவில்லை. கதையை அப்படியே ஒப்புக்கொண்டே ஒரு கேள்வி கேட்கின்றோம். சர்வ வல்லமையுள்ள சாமி கைலாயத்தில் இருந்தபடியே "சுகமாய்ப் பெறுவாயாக" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? புடவை கட்டிக்கொண்டு நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையால் குழந்தையை வாங்க வேண்டிய அவசியம் என்ன? பிரசவ காலத்தில் பெண்ணுக்கு வேண்டியது வேலை தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருப்பதுதான் என்பது கதை கட்டினவனுக்கே தெரிந்திருக்கின்றது. சாமியும் மருத்துவச்சி வேலை பார்த்தால்தான் அங்கே உபயோகம். அந்த வேலைக்கு இன்று நர்சுகளும் டாக்டர்களும் இருக்கின்றார்கள். காவேரிக்குப் பாலம் இருக்கின்றது. 108-க்குச் சொன்னால் வண்டி வருகின்றது. இவ்வளவும் வந்த பிறகும், பிள்ளைத்தாச்சிப் பெண்ணை நேர்த்திக்கடனுக்காக மலைப் படியேற்றுகிறவர்கள், பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிப் படியேற்ற மட்டும் நாள் பார்க்கின்றார்கள்.

நாள் பார்க்கும் அழகைக் கேளுங்கள். நம் மாகாணத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்ப ஸ்திரீகளைப் பார்க்கும் நாள் செவ்வாய்க்கிழமை. "செவ்வாயோ வெறும்வாயோ" என்று சொல்லி வளர்ந்த வீடுகளில் அன்று முதன்முதலாக ஒரு காரியத்திற்குப் புறப்படக்கூடாது. போதாததற்குச் செவ்வாயன்று காலை 9 மணி முதல் 10.30 வரை எமகண்டம். டாக்டர் நாற்காலியில் உட்காருகின்ற நேரமும், பஞ்சாங்கக்காரன் எமனை உட்கார வைத்திருக்கின்ற நேரமும் ஒன்றாய்ப் போய்விட்டது! அடுத்த வாரம் போகலாம் என்கின்றார் மாமியார். அடுத்த வாரமும் செவ்வாய்க்கிழமைக்கு எமகண்டம் இருக்கத்தானே செய்யும்?

இதற்கு முந்தின அனர்த்தம் ஒன்று உண்டு. மூன்று மாதம் ஆகும் வரை வெளியில் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது. முதற் பரிசோதனை நடக்க வேண்டியது அந்த மூன்று மாதத்திற்குள்தான். குழந்தையின் மூளை, முதுகுத் தண்டு, இருதயம் முதலியவை உருவாவது அப்போதுதான். ஃபோலிக் அமில மாத்திரை அதிகமாய்ப் பயன்படுவதும் அப்போதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் சர்க்கார் கொடுக்கும் பிரசவ உதவிக்கும் 12 வாரத்திற்குள் பெயர் பதிய வேண்டும். 2018 முதல் அது பணமும் பொருளுமாய் 18,000 ரூபாய். கண் படுமென்று ஒளித்து வைத்தவர்கள் இதையும் சேர்த்தே இழக்கின்றார்கள்.

சரி, அங்கே போனால் என்ன செய்கின்றார்கள்? இது தெரியாததாலேயே பயப்படுகிற பெண்கள் அநேகர். எடை பார்ப்பார்கள். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ரத்தம் எடுத்து சத்து எவ்வளவு, எந்தப் பிரிவு, மேகவியாதி, மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. உண்டா என்று சோதிப்பார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை வியாதி. வயிற்றின் மேல் கையை வைத்துக் குழந்தை வளர்ந்த அளவைக் கணிப்பார்கள். ரணஜன்னி வராமலிருக்க ஊசி போடுவார்கள். 18 முதல் 20 வாரத்தில் ஸ்கேன் எடுத்து அங்கங்கள் சரியாய் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இதில் வெட்கப்படவோ பயப்படவோ என்ன இருக்கின்றது?

பட்டை கட்டிப் பார்ப்பதை அற்பமாய் நினைக்க வேண்டாம். அழுத்தம் 140-க்கு 90 என்று ஏறி, சிறுநீரில் புரதமும் கண்டால், அது வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்று ஆரம்பித்துப் பெண் கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தால், முன்காலத்தில் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தார்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் செத்தும் போனாள். அந்தப் பேய் ஒரு பட்டையிலும் ஒரு துளி சிறுநீரிலும் முன்கூட்டியே அகப்பட்டுவிடுகின்றது. பிரசவத்திற்கு முன்பே தாயைக் கவனிக்க வேண்டுமென்று எடின்பரோ டாக்டர் பாலன்டைன் 1901-இல் வாதாடினார். இத்தனை யுகங்களாய் இருந்து வருகின்ற சாஸ்திரங்களில் ஒன்றுகூட இந்தப் பேயின் பெயரைக் கண்டுபிடிக்கவில்லை.

ரத்தப் பிரிவு சங்கதியும் இப்படித்தான். பெண்ணுக்கு நெகட்டிவும் புருஷனுக்குப் பாசிட்டிவும் ஆனால், முதற் குழந்தை தப்பினாலும் அடுத்த குழந்தைக்கு ஆபத்து வரலாம். அதற்கு 28-ஆம் வாரத்திலும், குழந்தை பாசிட்டிவாய்ப் பிறந்தால் 72 மணி நேரத்திற்குள்ளும் ஊசி உண்டு, ஆபத்து நீங்கிவிடும். பத்துப் பொருத்தம் பார்த்துத் தக்ஷணை வாங்கிய ஜோசியர் இந்தப் பதினோராவது பொருத்தத்தை ஏன் சொல்லவில்லை?

இரும்புச் சத்து மாத்திரையின் கதை இன்னும் வேடிக்கை. 2019-21 சுகாதாரக் கணக்குப்படி இந்தியாவில் கர்ப்ப ஸ்திரீகள் நூற்றுக்கு 52 பேர் ரத்தசோகையுள்ளவர்கள். ரத்தச் சத்து 11-க்குக் கீழே போனால் சோகை, 7-க்குக் கீழே போனால் உயிருக்கே மோசம். இதற்காகச் சர்க்கார் மாத்திரையை இனாமாய்க் கொடுக்கின்றது. அதைத் தின்றால் குழந்தை கறுப்பாய்ப் பிறக்குமென்று கொல்லையில் எறிந்துவிட்டு, சிவப்பாய்ப் பிறக்கக் கடையில் குங்குமப்பூ வாங்கிப் பாலில் போட்டுக் குடிக்கின்றார்கள். மாத்திரையால் கறுப்பது மலம்தானே தவிர பிள்ளை அல்ல. பிள்ளையின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. அப்படியே கறுப்பாய்ப் பிறந்தால்தான் என்ன? காவேரிக்கரை வெயிலில் உழைக்கின்ற நம் ஜனங்களுக்குக் கறுப்பைக் கண்டு என்ன வெட்கம்? மாத்திரையைக் காப்பியோடும் தேத்தண்ணீரோடும் சேர்த்து விழுங்காமல், எலுமிச்சம்பழ ரசத்தோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாய்ச் சேரும்.

இது நிற்க. ஸ்ரீரங்கத்துப் பக்கம் சீமந்தம் என்று ஒரு சடங்கு நடக்கின்றது. அதோடு பும்சவனம் என்பதையும் சேர்த்து முடித்துவிடுகின்றார்கள். பும்சவனம் எதற்கு? பிறப்பது ஆணாய் இருக்க வேண்டும் என்பதற்கு. அந்தப் பெண்ணையே மணையில் உட்கார வைத்துக்கொண்டு, உன்னைப் போல் ஒன்று வேண்டாம் என்று அவளுக்குப் புரியாத பாஷையில் சொல்லுகின்றார்கள். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொன்னால் 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி டாக்டருக்கு ஜெயில். புரோகிதர் ஆண்தான் வேண்டுமென்று உரக்கக் கேட்டால் அவருக்கு வேஷ்டியும் தக்ஷணையும். சர்க்காரோ இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கச் சமுதாய வளைகாப்பு நடத்துகின்றது. அங்கே சத்துணவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுகிற மட்டில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அந்த நாலு வார்த்தைக்கு வளையல் எதற்கு? வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகும்போது சீர்த்தட்டை எண்ணிப் பார்க்கிறவர்கள், தாய் சேய் நல அட்டையை அவள் கையில் கொடுத்தனுப்ப மறந்துவிடுகின்றார்கள். அங்கே இருக்கின்ற நர்சுக்கு இவளுடைய அழுத்தமும் ரத்தமும் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

ஆண்பிள்ளைத் தோழர்களுக்கு ஒன்று. பரிசோதனைக்கு மனைவியோடு கூடப் போங்கள். அட்டையில் எழுதியிருக்கின்ற நம்பரைப் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் பெண்களைக் காலை முதல் நிற்கவைத்து, கேள்வி கேட்டால் சீறி விழுகின்றார்கள் என்று சொல்லக் கேட்கின்றோம். அது உண்மையானால் கண்டித்து எழுதிக்கொடுக்க வேண்டியதே தவிர, வீட்டில் உட்கார்ந்துவிடுவதற்கு அது முகாந்தரமாகாது. ரத்தப்போக்கு, கடுந்தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது கண்டாலும் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திராமல் அந்த நிமிஷமே போக வேண்டும்.

கடைசியாகப் படித்தவர்கள் வீட்டு விசேஷம். இவர்கள் எல்லாப் பரிசோதனையும் தவறாமல் செய்துகொள்ளுகின்றார்கள்; அப்புறம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய், இந்த நக்ஷத்திரத்தில், இந்த லக்கினத்தில் அறுத்து எடுங்கள் என்று டாக்டருக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுக்கின்றார்கள். அதே 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 அறுவை. இதில் அவசியமானவை உண்டு. உயிரைக் காப்பாற்றியவை உண்டு. ஆனால் வேறு காரணமின்றி 39 வாரம் நிறைவதற்குள் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வருவது அதிகம் என்பது வைத்திய சாஸ்திரம் கண்டது. அப்படித் திணறுகின்ற குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், அதன் வாடகையைக் கட்டுவது ஜோசியரல்ல. அவ்வளவு தைரியமாய் நேரம் குறிக்கிறவர், ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குகின்ற காகிதத்தில் தம் கையெழுத்தையும் போடட்டுமே?