காதமும் நாழிகையும்



திருச்சிராப்பள்ளிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வானவழித் தொலைவு ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். பூமிப்பந்தின்மீது நூல்பிடித்து அளந்த கணக்கு அது. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவிலே பறக்கும் விமானம், ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சேர்த்து, நான்கு மணிக்குள்ளாக அதனைக் கடந்துவிடுகிறது. விஞ்ஞானத்தின் வெற்றி! வாழ்த்துவோம்.

ஆனால், காரைக்குடியிலே தந்தை கண்மூடிவிட்டார் என்ற சேதி கேட்டுத் துடிக்கும் மகனுக்கு இந்த நான்கு மணிக் கணக்கு துணைக்கு வருகிறதா? மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்திலே நிற்கவேண்டும். இறங்கியபின் குடிநுழைவு, சுங்கம். பிறகு தொண்ணூறு கிலோமீட்டர் சாலை. பறந்தது நான்கு மணி, பறக்காதது ஆறு மணி! அதுவும் அன்றைய விமானத்திலே இடம் கிடைத்தால்தான்.

இந்தச் சீமைக்குக் கடல் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் முதலாளி மட்டுமா போனார்? மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் போயினர். வயலை விட்ட ஏழையும் போனான். 1926 முதல் 1970களின் தொடக்கம்வரை ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆளேற்றிச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. அன்று குறுக்கே நின்றது கடல். இன்று?

இன்று நிற்பது காகிதம்! அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே, வான்போக்குவரத்து மத்தியப் பட்டியலின் 29ஆம் இனம். எந்த நாட்டு விமானம் நம் நகர்களில் எதிலே இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதைத் தில்லியும் அயல்நாடும் ஒப்பந்தத்திலே எழுதிக்கொள்கின்றன. மதுரையிலிருந்து 2012இல் கொழும்புக்கு விமானம் பறந்தது. அதன் பின்னரும் பல நாட்டு ஒப்பந்தங்களிலே மதுரையின் பெயர் ஆண்டுக்கணக்கில் ஏறாமலே கிடந்தது. ஓடுபாதை உண்டு, பயணி உண்டு, பெயர்தான் இல்லை!

செட்டிநாட்டிலேயே, உலகப்போர்க் காலத்துப் பழைய ஓடுதளம் இருக்கிறதே, அதைப் புதுப்பிக்கலாகாதா என்பார் உளர். ஆசை நியாயமானது. எனினும், சென்னைக்குப் போக அது பெரிதாக உதவாது. மதுரையிலிருந்து சென்னை வான்வழியே 415 கிலோமீட்டர்தான். ஆயினும் வீட்டுவாசலிலிருந்து எண்ணிப் பாருங்கள், ஏறத்தாழ ஏழு மணியிலே எழும்பூர் சேரும் பல்லவன் ரயிலுக்கு மிகவும் முந்திவிடமாட்டீர்கள். கடல் கடப்பவனுக்கே விமானம் உயிர்நாடி. இரண்டு நிலையங்கள் மதுரையிலும் திருச்சியிலும் ஏற்கெனவே உள்ளன. திருச்சியின் புதிய முனையம் 2024 சனவரியிலே திறக்கப்பட்டது. கட்டடம் வளர்ந்தால் போதுமா? இருக்கை வளரவேண்டாமா?

தேவகோட்டையிலும் திருப்பத்தூரிலும் கூட்டம் போடும் தோழர்கள் இந்தக் கணக்கை மேடையிலே சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் எக்கட்சியினராயினும், நம்மவரேயாயினும், கேளுங்கள்: எந்த ஒப்பந்தத்திலே எந்த ஊரின் பெயரைச் சேர்க்க வாதாடினீர்கள், அதற்கு அமைச்சர் தந்த பதில் என்ன?