மே மாதம் பாட்டு டீச்சருக்குப் பசிக்காதா?

உங்கள் பெண்ணையோ பையனையோ பாட்டு கிளாஸில் சேர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரம் சண்டை உங்களோடுதான்.

திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருவையாறு. தியாகராஜர் 1847-ல் சித்தியடைந்த ஊர். அரசு இசைக் கல்லூரியும் அங்கேதான். படித்துவிட்டு வந்தவர்கள் குடமுருட்டிக் கரை ஊர்களில் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பாய் விரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆராதனை வந்தால் நாமும் போய்க் கூட்டத்தில் நின்று பஞ்சரத்னத்துக்குத் தலையாட்டுகிறோம். ஊர்ப் பெருமை பேச நமக்குச் சொல்லியா தரவேண்டும்!

ஆனால், ஏப்ரல் பிறந்தால் என்ன சொல்கிறோம்? ''டீச்சர், பாப்பாவுக்கு எக்ஸாம். அப்புறம் லீவுக்கு அவ பாட்டி வீட்டுக்குப் போயிடுவா. ஜூன்ல பார்த்துக்கலாம்!''

பார்த்துக்கலாம்தான். நடுவில் டீச்சர் எதைச் சாப்பிடுவார்?

ஒரு கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு வகுப்பு என்றால் வருஷத்துக்கு 104. கோடை விடுமுறைக்கு 16 போச்சு. காலாண்டுப் பரீட்சையும் அதன் லீவும் சேர்ந்து 6. தீபாவளி வாரம் 2. அரையாண்டுக்கு 8. பொங்கலுக்கு 2. முழு ஆண்டுப் பரீட்சைக்காக மார்ச் தொடங்கி நிறுத்தினால் 12. மழைக்கு லீவு, காய்ச்சல், சித்தி கல்யாணம், ஊர்த் திருவிழா என்று இன்னும் 8. மிச்சம் 50! பாதிகூடத் தேறவில்லை. இந்த லட்சணத்தில், ''மூணு வருஷமா போறா, இன்னும் வர்ணத்துக்கு வரலையே'' என்று டீச்சர் மேல் குறை வேறு.

சங்கீதம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போடும் பாடம் இல்லை. சரளி, ஜண்டை, அலங்காரம் என்று படிப்படியாகக் குரலிலும் விரலிலும் ஏற வேண்டியது. இரண்டு மாதம் விட்டால் தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஜூனில் டீச்சர் மறுபடி மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கிறார். குழந்தைக்கு அலுப்புத் தட்டுகிறது. ''இவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை'' என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள்.

''நடக்காத வகுப்புக்கு எதுக்குப் பீஸ்?'' என்று கேட்பவர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் கேபிள் டி.வி-க்காரரிடம் பாதிப் பணம் பிடிக்கிறீர்களா? வீட்டு வாடகையில் கழிக்கிறீர்களா? மாட்டீர்கள். அவர்களிடம் வாய் எழும்பாது. பாட்டு டீச்சர் கூச்சப்பட்டுச் சிரிப்பார் என்று தெரியும். அந்தச் சிரிப்பில்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம்.

அரசாங்கமே இந்தப் பாடத்தை நடத்திக் காட்டியதே! 2012-ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி என்று பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். மே மாதச் சம்பளம் கிடையாது என்றார்கள். அதற்காக அவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கணக்கு வாத்தியாருக்கு மே மாதம் பசிக்குமாம். பாட்டு வாத்தியாருக்குப் பசிக்காதாம். அரசாங்கத்தைத் திட்டுகிற நாமும் வீட்டில் அதையேதான் செய்கிறோம்.

''குழந்தைக்கு ஓய்வு வேண்டாமா?'' நியாயமான கேள்வி. கட்டாயம் வேண்டும். லீவு நாளிலும் விடியற்காலையில் எழுப்பி வதைக்கச் சொல்லவில்லை. ஆனால், ஓய்வு என்று அதே குழந்தையை நீச்சல், கராத்தே, கம்ப்யூட்டர் என்று மூன்று சம்மர் கேம்ப்பில் தள்ளுகிறீர்களே, அது என்ன ஓய்வு? டியூஷன் இல்லாத, வீட்டுப்பாடம் இல்லாத மே மாதத்தை விட்டால் நிதானமாகப் பாட வேறு மாதம் ஏது?

நம்ம டெல்டாக்காரர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். மேட்டூர் அணைக்கு ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்று தேதி உண்டு. தண்ணீர் சில வருஷம் ஏமாற்றும். ஆனாலும் தேதி என்று ஒன்று இருப்பதால்தான் விவசாயி நாற்றங்காலுக்குத் திட்டம் போடுகிறான். குறைவாக இருந்தால் முறை வைத்து விடுகிறோம். பாட்டுக்கும் அதே முறை வையுங்கள்.

ஜூனில் டீச்சரும் நீங்களும் உட்கார்ந்து வருஷத்துக்கு 80 வகுப்பு என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். மே மாதத்தில் இரண்டு வாரம் முழு லீவு. பரீட்சை வாரங்களில் இரண்டுக்குப் பதில் ஒன்று. வருஷப் பீஸைப் பன்னிரண்டாகப் பிரித்து மே உட்பட மாதாமாதம் கொடுங்கள். குழந்தை வராவிட்டால் அந்த வகுப்பு போனது போனதுதான். டீச்சர் வராவிட்டால் அவர் ஈடு செய்ய வேண்டும். ஆம், டீச்சர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். மார்கழிக் கச்சேரி, ஆராதனை என்று திடீரென்று காணாமல் போகாதீர்கள். முன்கூட்டியே சொல்லுங்கள். பீஸ் விஷயத்தையும் கூச்சப்படாமல் முதல் நாளே பேசுங்கள்.

பாட்டி ஊருக்குப் போகிற குழந்தை? தினமும் அரை மணி பாட்டிக்குப் பாடிக் காட்டட்டும். அதைவிட நல்ல ரசிகை எந்த சபாவில் கிடைப்பாள்?

தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்தார் என்பதை வருஷா வருஷம் பக்தியோடு நினைக்கிறோம். அது அவராக விரும்பி ஏற்ற விரதம். நம் தெரு டீச்சர் எந்த விரதமும் எடுக்கவில்லை. மே மாத வாடகையை எடுத்து வையுங்கள் என்றுதான் அவர் வீட்டுக்காரர் கேட்கிறார்.