அணிநடையும் அறிவியலும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நீண்டு கிடக்கும் எம் கடற்கரைப் பாடசாலைகளிலே மாணவர் படையணியைப் பற்றிப் பேச்செழுந்தால் இருவேறு குரல்கள் எழுகின்றன. சீருடை அணிந்த பிள்ளை படைக்கே போய்விடும் என அஞ்சுவோர் ஒரு சாரார். படிப்பு ஏறாதவனுக்கே அணிநடை என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார்.

முதற் சாராரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. 2009இல் முடிந்த நெடும்போரைக் கண்ட மக்கள் அவர்கள். ஆயினும், படையணியிற் பயின்றோர் இராணுவத்திற் சேர்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கொழும்பு றோயல் கல்லூரியில் 1881ஆம் ஆண்டு தொடங்கிய இப்பயிற்சி, ஒழுங்கும் தலைமையும் பழக்கும் பாடசாலைப் பயிற்சியே. இரண்டாம் சாரார்க்கோ யான் சிறிது விரிவாகவே விடை கூறல் வேண்டும்.

அணிநடையையே நோக்குக. பழைய முறைப்படி ஓர் எட்டு 30 அங்குலம். நிமிடத்துக்கு 120 எட்டு. பெருக்கினால் 3,600 அங்குலம். அஃதாவது நிமிடத்துக்கு நூறு யார். இதனை உணர்ந்த மாணவன் தன் காலையே அளவுகோலாகக் கொள்வான். திசையறி கருவி காட்டும் வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு என்று கேட்கும்போது அவன் காந்தவியலின் வாயிலில் நிற்கின்றான். ஈரிடங்களில் நின்று கோணம் அளந்து ஒரு கோபுரத்தின் தொலைவைக் காண்பானாயின் அது திரிகோணகணிதம். ஆனால், இவையெல்லாம் விஞ்ஞானம் என்று அவனுக்குச் சொல்வார் யார்? மைதானத்தில் பயிற்றுவோரும் ஆய்வுகூடத்தில் கற்பிப்போரும் கலந்து பேசாமையே குறை.

எம் கரை அறிவியலுக்கு வறிய நிலம் அன்று. புத்தளத்து உப்பளங்களிலே கடல்நீர் செறியச் செறிய முதலில் ஜிப்சமும் பின்னர்க் கறியுப்பும் படிகின்றன. அது கண்கண்ட இரசாயனவியல். நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆற்றல் உடையன. தீபகற்பத்திலே காற்றாலைகள் சுழல்கின்றன. 1990களில் இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் பாழாக்கியபோது எம்மவர்க்குத் தேவைப்பட்டது உயிரியல் அறிவு. இவற்றின் வாயிலிற் காவல் நிற்கவா, உள்ளே நின்று இயக்கவும் ஆராயவுமா நம் பிள்ளைகளை வளர்க்கின்றோம்?

மன்னார் வளைகுடாவின் அக்கரையாகிய இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம், பொறியியல் கற்றபின் விமானப்படையில் விமானியாக விழைந்தார். தேர்வுக்கு வந்த 25 பேரில் எண்மரே வேண்டியிருக்க, அவர் ஒன்பதாமவர் ஆனார். அவருக்கு வேறு வழி திறந்ததற்குக் காரணம் அவர் முன்னரே கற்றிருந்த பொறியியல். 1980இல் இந்தியா தன் ஏவுகலத்தால் ரோகிணியை விண்ணில் நிறுத்தியபோது அத்திட்டத்தின் இயக்குநர் அவரே. சீருடை கிடையாதொழியினும் கல்வி கைவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

படையையே விரும்புவோர்க்கும் இதுவே விடை. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலே பொறியியலும் மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. உயர்தரத்தில் நற்பெறுபேறு இன்றி அங்கு நுழைதல் அரிது.

தடையும் உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கே உரியது. சிற்றூர்ப் பிள்ளை சாதாரண தரத்தோடு ஊரை விட்டு வெளியேற வேண்டும். அன்றேல் விருப்பத்தை விட்டுவிட வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இத்தடை இருமடங்கு. 2013இல் வந்த தொழினுட்பப் பிரிவு மற்றொரு வாயில்; அதனையும் பெற்றோர்க்கு எடுத்துரைப்பார் வேண்டும்.

ஆதலின் ஆசிரியத் தோழர்களிடம் யான் வேண்டுவன சிலவே. வரைபடப் பயிற்சி நாளில் கணித ஆசிரியரும் மைதானத்துக்கு வருக. பயிற்சி முகாமின் ஒரு பகலையேனும் உப்பளத்திலோ காற்றாலையடியிலோ கழிக்க. கலைச்சொற்களைத் தெளிதமிழில் விளக்கி, அவற்றின் ஆங்கில வடிவையும் உடன் பழக்குக. இது எம்போன்ற தமிழாசிரியர் கடன். ஒன்பதாந் தரத்திலேயே ஆர்வமுடையாரைக் கண்டறிந்து, பெற்றோர் வீட்டுக்குச் சென்று பேசுக. பதினோராந் தரம் முடிந்தபின் பேசுதல், வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுதலை ஒக்கும்.

வள்ளுவர் கல்வியையும் படைமாட்சியையும் பொருட்பால் என்னும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். நாம் அவற்றை ஒரே பாடசாலைக்குள்ளேயே பிரித்து வைத்திருக்கின்றோம். இச்சுவரை நீக்குதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர் ஒருங்கு அமர்ந்து பேசினாற் போதும்.