முளையைப் பார்த்து விலை பேசலாமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பழமொழியை மறுத்துப் பேசுவது உபாத்தியாயர் தொழிலுக்கு அழகல்ல. ஆயினும் இதைச் சொன்னவர் கம்பு விதைத்தவராய் இருக்க வேண்டுமே தவிர, பனங்கொட்டை புதைத்தவராய் இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் கம்பு மூன்று மாதத்தில் கதிர் வாங்கிவிடும். பனையோ, முதல் சில வருஷங்கள் தரைக்கு மேலே நாலைந்து ஓலைகளை மட்டும் காட்டிக்கொண்டு, தரைக்குக் கீழே தன் காரியத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். அது பாளை விடப் பதினைந்து வருஷம் ஆனாலும் ஆகும். அந்த ஓலையைப் பார்த்து, 'இது தேறாது' என்று பிடுங்கி எறிகிறவனை நாம் என்னவென்று சொல்வோம்?

கால்பந்தாட்டத்தையே ஜீவனமாகக் கொள்ள ஆசைப்படும் நம் சிறுவர்கள் விஷயத்தில் ஏறக்குறைய அந்தக் காரியந்தான் நடந்து வருகிறது. நம் ஊரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் விடியுமுன் எழுந்து, பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ 'செலக்ஷ'னுக்குப் போகிறான். அங்கே மார்பில் ஓர் எண்ணைக் கட்டிக்கொண்டு, முன்பின் அறியாத பையன்களோடு சேர்ந்து கால் மணியோ அரை மணியோ ஓடுகிறான். அந்த நேரத்தில் பந்து அவன் காலுக்கு நாலு தடவை வந்தால் அது அவன் பூர்வ புண்ணியம். மத்தியானம் பெயர்களை வாசிக்கிறார்கள். அவன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று சொல்வார் இல்லை. வீட்டுக்கு வந்தால் தகப்பனார், "ஆடினது போதும்; தறிக்கு வா" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அல்லவா?

அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைத்தான் இந்த வாரம் விசாரிக்க வேண்டும்.

வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறுவது புதிய வழக்கமல்ல. 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி, கல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் சங்கத்தார் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்று, ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலர்கள். பூட்ஸைப் பார்த்து ஆட்டத்தை மதிப்பவர் யாராவது அன்றைக்குத் தேர்வுக் கமிட்டியில் இருந்திருந்தால், தேசம் தலை நிமிர்ந்த அந்த நாள் வந்தேயிராது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் பிரான்ஸுக்கு எதிராக நம் தேசத்தின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த அணியிலும் பெரும்பாலோர் வெறுங்காலர்களே.

இப்போது பூட்ஸின் இடத்தை உயரமும் பருமனும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதிலே பஞ்சாங்கம் செய்கிற விஷமம் ஒன்று உண்டு. சிறுவர் பந்தயங்களுக்கு ஜனவரி முதல் தேதியைக் கணக்காக வைத்து வயதை வரையறுப்பது சர்வதேச வழக்கம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுக்காரர்களாக ஒரே மைதானத்தில் நிற்கிறார்கள். நாற்பது வயதில் பதினொரு மாதம் ஒரு பொருட்டல்ல. பதின்மூன்று வயதில் அது ஒரு சாண் உயரமாகவும், ஒரு பாய்ச்சல் வேகமாகவும் இருக்கலாம். பல தேசங்களில் இளைஞர் அணிகளைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள், வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அவற்றில் அதிகமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சரஸ்வதி கடாட்சம் போலக் கால்பந்து கடாட்சமும் மாதம் பார்த்துப் பொழிவதில்லை. பொறுக்குகிறவர்கள் பையனின் திறமையைப் பொறுக்குவதாக நினைத்துக்கொண்டு அவன் பிறந்த மாதத்தைப் பொறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிறந்த தேதி ஒன்றாகவே இருந்தாலும் சரீரங்கள் ஒரே சமயத்தில் முதிர்வதில்லை. ஒரு பையன் பன்னிரண்டு வயதில் 'கிடுகிடு' என்று வளர்ந்து விடுகிறான். இன்னொருவன் பதினாறு வரை காத்திருக்கிறான். அப்படி வளரும் மாதங்களில் கை கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. நேற்று அழகாகப் பந்தை நிறுத்திய பையன் இன்று தடுமாறுகிறான். வகுப்பிலே தினமும் பார்க்கிறவனுக்கு இது வளர்ச்சியின் தடுமாற்றம் என்று தெரியும். ஒரு நாள் மட்டும் வந்து பார்க்கிறவருக்கு அது திறமைக் குறைவாகவே படும். இங்கிலாந்தில் சில பயிற்சி நிலையங்களில் வயதை விட்டுவிட்டு, சரீர முதிர்ச்சியைக் கொண்டு பையன்களைப் பிரித்து ஆட வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல யோசனை, செலவும் அதிகமில்லை.

நம் தேசத்தில் இதோடு இன்னொரு விஷமமும் சேர்ந்துகொள்கிறது. பிறந்த தேதியையே குறைத்து எழுதுவதுதான் அது. "ஒரு வருஷந்தானே ஸார், பையன் முன்னுக்கு வந்துவிடுவான்" என்று பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நிற்கும் பெற்றோரை அறியாத உபாத்தியாயர் யார்? 2009-ம் வருஷத்திலிருந்து பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைப் பந்தயத்தில் மணிக்கட்டு எலும்பைப் படம் பிடித்து வயதைச் சோதிக்கிறார்கள். நம் நாட்டுப் பந்தயங்களிலும் எலும்புச் சோதனை வந்துவிட்டது. ஆனால் சோதனைக்குப் பயந்து நேர்மையாய் இருப்பது என்ன நேர்மை? பதினாறு வயதுப் பையன் பதினான்கு வயதுக்காரர் கூட்டத்தில் நின்று எல்லோரையும் இடித்துத் தள்ளும்போது, பார்க்கிறவர் 'பலே, பலசாலி' என்று குறித்துக்கொள்கிறார். உண்மைத் தேதியோடு வந்த ஒரு பையனின் இடம் அங்கே பறிபோகிறது. பொய்த் தேதிக்காரனுக்காவது லாபமுண்டா என்றால் அதுவும் இல்லை. அவனுடைய மேன்மையெல்லாம் கடன் வாங்கிய இரண்டு வருஷத்தின் மேன்மை. இருபது வயதில் எல்லோரும் சமமாக வளர்ந்து நிற்கும்போது, கடன் தீர்ந்து கை வெறுங்கையாகிவிடும்.

சரியாக எடை போட்டதற்கும் தவறாகப் போட்டதற்கும் உதாரணங்கள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2017-ம் வருஷம் அந்த உலகக் கோப்பைப் பந்தயம் நம் தேசத்திலேயே நடந்தது. 2000-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் ஆடலாம் என்பது விதி. மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்ஸன் சிங் பிறந்தது 2001 ஜூனில். அதாவது, எதிரிகளில் பலரைவிட ஒரு வயது இளையவர். அணியைக் கட்டத் தொடங்கிய காலத்தில் அவருக்கு அதில் இடமில்லை, பின்னால்தான் கிடைத்தது. அக்டோபர் 9-ந் தேதி டில்லியில், கொலம்பியாவுக்கு எதிராகப் பெங்களூர் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கியவர் இந்த ஜீக்ஸனே. உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. முதலில் இடம் பெறாதவரே முதல் கோலை அடித்தார்!

அன்று இந்தியா இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. மற்ற இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் அதற்குப் பின் நம் கால்பந்துச் சம்மேளனத்தார் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். 2010-ல் தொடங்கி 2013-ல் கலைத்துவிட்ட 'இந்தியன் ஆரோஸ்' அணியை உயிர்ப்பித்து, இந்தச் சிறுவர்களை ஐ-லீக் பந்தயங்களில் வளர்ந்த மனிதர்களுக்கு எதிராக வாரா வாரம் ஆட விட்டார்கள். அவர்கள் அடிக்கடி தோற்றார்கள், தோற்றுக் கற்றார்கள். அங்கே ஆடியவர்களில் சிலர் பின்னர் தேசிய அணிக்கு வந்தார்கள், சிலர் வரவில்லை. யார் எப்படி என்பது அரை மணி ஓட்டத்தில் தீர்மானமாகவில்லை. பல மாத ஆட்டத்தில் தெரிந்தது. 2022-ல் அந்த அணியை மறுபடியும் கலைத்துவிட்டார்கள். நட்ட கன்றை இரண்டு தடவை பிடுங்குகிறவர்களுக்குத் தோப்பு எப்போது கிடைக்கும்?

நம் தமிழ்நாட்டுக் கதைகளைப் பாருங்கள். கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குக் கடற்கரையில் மீனவ கிராமங்கள் வரிசையாக உள்ளன. அங்கே மணலிலேயே கால்பந்து பழகி வந்தவர் மைக்கேல் சூசைராஜ். 2017-ல் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் அவர் ஆடியபோது வயது இருபத்திரண்டு. 'இனி இவன் எங்கே' என்று கைவிடும் வயது அது. அவரோ அங்கிருந்து ஜாம்ஷெட்பூருக்கும், பின்னர் கல்கத்தாவுக்கும் போய்ப் பெயர் வாங்கினார். 2020 நவம்பரில் அந்த வருஷப் பந்தயத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேற நேர்ந்தது. சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் தேசிய அணிக்காக முதன்முதல் ஆடியது 2023-ல், இருபத்தேழாம் வயதில். முளைவிட்ட காலத்திலேயே இவர்களுக்கு விலை நிர்ணயித்துச் சீட்டுக் கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜேமி வார்டியைப் பதினாறு வயதில், உருவம் சிறிதென்று ஷெபீல்டு சங்கம் ஒன்று அனுப்பிவிட்டது. அவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறு சங்கங்களில் ஆடி, 2016-ல் லெஸ்டர் அணியோடு இங்கிலாந்தின் முதன்மைப் பட்டத்தை வென்றார். அமெரிக்காவில் பிரெட்டி அடூ 2004-ல் பதினான்கு வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரரானார். இரண்டாவது பெலே என்று உலகம் கொண்டாடியது. அந்தப் பேருக்குத் தகுந்த காலம் அவருக்கு வரவே இல்லை. முதலாமவரைத் தள்ளியவர்களும் இரண்டாமவரைத் தூக்கியவர்களும் செய்த பிழை ஒன்றே: அன்றைய அளவை நாளைய அளவாக எடுத்துக்கொண்டது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? ஆம்ஸ்டர்டாம் நகரத்து அயாக்ஸ் சங்கத்தார் நான்கு குணங்களைச் சொல்வார்கள்: பந்தைக் கையாளும் நுட்பம், ஆட்டத்தை அறியும் ஞானம், மனோதிடம், வேகம். இந்நான்கில் வேகம் ஒன்றுதான் முதல் பார்வையில் தெரியக் கூடியது. மற்ற மூன்றையும் தெரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும். பந்து காலுக்கு வருமுன்னரே தலையைத் திருப்பி நாலாபுறமும் பார்த்துக்கொள்கிறானா? பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறான்? பந்தைப் பறிகொடுத்ததும் நடுவரைப் பார்க்கிறானா, பந்தைப் பார்க்கிறானா? சென்ற மாதம் திருத்திச் சொன்ன பிழையை இந்த மாதமும் செய்கிறானா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிது. இரண்டு தடவையாவது பார்க்காமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. எவ்வளவு உயரத்தில் நிற்கிறான் என்பதைவிட, எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறான் என்பதே கேள்வி.

இந்தக் கலையில் நம் தேசத்துக்குக் குருவாய் விளங்கியவர் ஒரு பள்ளி உபாத்தியாயர் என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் பயிற்சி அளித்த அணிதான் 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1951-லும் 1962-லும் ஆசியப் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கியது. சிறுவர்களுக்கு அவர் நடத்திய பந்தயங்கள் விசித்திரமானவை. ஒன்றில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்தவுடன் தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். இவற்றில் பலசாலியின் பலமும், ஓட்டக்காரன் வேகமும் அதிகம் செல்லா. புத்தியும் கற்கும் சக்தியுமே செல்லும். 1962 ஜகார்த்தாவில், தலையில் தையல் போட்ட காயத்தோடிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார் அவர். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் நாம் அடித்த இரண்டு கோல்களில் ஒன்று ஜர்னைல் சிங்குடையது. அன்று நம் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். அவரும் இளமையில் கோல் அடிக்கும் முன்வரிசைக்காரராய்த் தொடங்கி, பின்பே கோல் காக்க வந்தவர். ஒருவன் திறமை உள்ளவனா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த இடத்தில் உள்ளவன் என்றும் கேட்க வேண்டும்.

செலக்ஷன் நடத்துகிறவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒரு பையனை வருஷத்தில் மூன்று தடவையாவது பார்க்காமல் தள்ளாதீர்கள். பார்த்ததைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். அடுத்த தடவை அவனை மற்றவனோடு ஒப்பிடாமல், முந்தைய அவனோடு ஒப்பிடுங்கள். தள்ளினால், ஏன் தள்ளினோம், எதைத் திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்போம் என்று இரண்டு வரி எழுதி அவன் கையில் கொடுங்கள். பெண் குழந்தைகளுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். 2019-ல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை மதுரை சேது அணி வென்ற பிறகும், 'பெண்ணுக்குப் பந்தெதற்கு?' என்று கேட்டுக்கொண்டிருப்பது நமக்கு மரியாதையல்ல.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடத்தை மட்டும் விட்டுவிடச் செய்யாதீர்கள். மிக நன்றாக எடை போட்டாலும் நூற்றில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரராக மாட்டார்கள். ஆனவர்களுக்கும் ஒரு முழங்கால் போதும், எல்லாம் முடிந்துபோக. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பையில் இருக்கிற பையன் பயமில்லாமல் ஆடுவான். பயமில்லாமல் ஆடுகிறவனைத்தான் சரியாக எடை போடவும் முடியும்.

உபாத்தியாயர்களாகிய நமக்கு உள்ளது சிறிய வேலைதான். பதிவேட்டில் உண்மைத் தேதியை எழுதுவது, 'இல்லை' என்ற சொல்லோடு பஸ்ஸிலிருந்து இறங்கும் பையனிடம், "இன்றைக்கு இல்லை என்றுதானே சொன்னார்கள்? நாளைக் காலை மைதானத்துக்கு வா" என்று சொல்வது.